தூக்கத்தில் மட்டும் வரும் வலிப்பு: ரிப்போர்ட் நார்மல் என்றால் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ஓசூரில் ஷிப்ட் வேலை, நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். சில மாதங்களில் மூன்று முறை, விடியற்காலையில் தூக்கத்திலேயே ஒரு மாதிரி சத்தம் போட்டு, கை கால் விறைத்து வெட்டி வெட்டி இழுத்ததாக அறை நண்பன் சொல்கிறான். தம்பிக்கு எதுவும் ஞாபகமில்லை. எழுந்தால் நாக்கின் ஓரத்தில் புண், உடம்பெல்லாம் வலி. இ.இ.ஜி. நார்மல், தலைக்கு எடுத்த சி.டி. ஸ்கேனும் நார்மல். ஆனாலும் டாக்டர் லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா "அமுக்குவான் பேய்தான்" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார். ரிப்போர்ட் நார்மல் என்றால் மாத்திரை எதற்கு? பகலிலும் வருமா? எத்தனை வருடம் சாப்பிட வேண்டும்? பெண் பார்க்கும் பேச்சு வேறு நடக்கிறது.

பதில்:

நீங்கள் விவரித்திருப்பது வலிப்பு போலத்தான் இருக்கிறது. நேரில் பார்க்காமல் முடிவு கட்ட மாட்டேன். ஆனால் சத்தம், விறைப்பு, வெட்டி இழுப்பது, நாக்கின் ஓரத்தில் கடி, பிறகு உடம்பு வலி, நடந்தது எதுவும் நினைவில் இல்லாதது என எல்லாம் ஒன்றுசேர வரும்போது வேறு காரணம் தேட அதிக இடமில்லை. நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நோயில் எனக்கு அதிகம் உதவுவது இ.இ.ஜி. தாளும் இல்லை, நோயாளி சொல்லும் கதையும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவர் கண்ணால் பார்த்ததுதான். அந்த அறை நண்பன் சொன்னதை உங்கள் டாக்டர் நம்பி மாத்திரை எழுதியிருக்கிறார் என்றால் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

முதலில் இ.இ.ஜி. விஷயம், அதாவது தலையில் வயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை. சாதாரணமாக அதை அரை மணி நேரம் எடுப்பார்கள், பெரும்பாலும் பகலில், ஆள் விழித்திருக்கும்போது. உங்கள் தம்பிக்கு வருவதோ விடியற்காலைத் தூக்கத்தில். வலிப்பு நோய் உறுதியாக இருப்பவர்களிலேயே முதல் இ.இ.ஜி.யில் சுமார் பாதிப் பேருக்குத்தான் ஏதாவது தெரியும். நெற்றிப் பகுதி மூளையின் உள்மடிப்புகளில் கிளம்பும் வலிப்பு என்றால், அது நடந்துகொண்டிருக்கும் நேரத்தில்கூடத் தலையின் மேல் ஒட்டிய வயர்களில் தெளிவாகப் பதியாமல் போவதுண்டு. ஆகவே நார்மல் இ.இ.ஜி. வலிப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அடுத்த படி, தூக்கத்தோடு சேர்த்து எடுக்கும் இ.இ.ஜி. முந்தின இரவு குறைவாகத் தூங்கவிட்டு, காலையில் தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். (எண்ணெய்த் தலையோடு வந்து பாதி நாள் வீணாகிறவர்கள் வாரம் ஒருவராவது இருப்பார்கள்.) அதிலும் பிடிபடாமல் சந்தேகம் நீடித்தால், மருத்துவமனையில் இரவு முழுக்கத் தங்கவைத்து எடுக்கும் வீடியோ இ.இ.ஜி. இருக்கிறது. உடம்பு அசைவையும் மூளை அலையையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும்.

ஸ்கேனும் அப்படித்தான். நம் நாட்டில் வலிப்புக்கு அடிக்கடி காரணமாகும் நாடாப்புழுக் கட்டியோ, அது ஆறிச் சுண்ணாம்பாகிப் போன புள்ளியோ இருந்தால் சி.டி. காட்டிவிடும். ஆனால் கருவிலேயே மூளையின் மேலடுக்கு ஓரிடத்தில் சரியாக அமையாமல் போன சின்னக் குறை, பொட்டுப்பகுதி மூளையில் விழும் தழும்பு இவற்றையெல்லாம் சி.டி. பெரும்பாலும் தவறவிடும். வலிப்புக்கென்றே மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒன்று உண்டு. இன்னும் எடுக்கவில்லை என்றால் அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அது ஏன் தூக்கத்தில் மட்டும்? விழித்திருக்கும்போது மூளைச் செல்கள் ஆளுக்கொரு வேலையாகச் சிதறி இயங்குகின்றன. கனவில்லாத தூக்கத்தில், அதிலும் அதன் இரண்டாம் கட்டத்தில், மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் மேலடுக்குச் செல்களை எல்லாம் ஒரே தாளத்துக்குக் கொண்டுவருகிறது. தேர் வடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகராது, எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தால் நகர்ந்துவிடும் இல்லையா, அதுபோல ஓரிடத்தில் எழும் தவறான மின்பொறி இந்த ஒத்த தாளத்தில் எளிதாகப் பரவிவிடும். கனவு காணும் தூக்கத்தில் செல்கள் மறுபடி சிதறி இயங்குவதால் அப்போது வலிப்பு வருவது மிக அரிது. பலருக்குத் தூங்கிய முதல் இரண்டு மணி நேரத்திலோ, விழிப்பதற்குச் சற்று முன்போ வருவது வழக்கம். ஷிப்ட் வேலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதற்குக் கடிகாரம் கணக்கில்லை, தூக்கம்தான் கணக்கு. இரவு வேலை முடித்துப் பகல் 11 மணிக்குப் படுத்தாலும் வரலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. தூக்கத்தில் தொடங்கும் வலிப்பைப் பற்றி அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் நரம்பியல் மருத்துவர் கோவர்ஸ் தன் நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, சுமார் ஐந்தில் ஒருவருக்குத் தூக்கத்தில் மட்டுமே வந்தது.

அம்மா சொல்லும் அமுக்குவானுக்கு வருவோம். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதுவும் உண்மையாக நடக்கிற ஒன்றுதான். விழிப்பு வந்துவிடுகிறது, ஆனால் கனவுத் தூக்கத்தில் தளர்ந்துபோன தசைகள் இன்னும் விடுபடவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும், கத்த முடியாது, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. சில நொடிகளிலோ ஒன்றிரண்டு நிமிடங்களிலோ சரியாகிவிடும். அதை அனுபவித்தவருக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும், பக்கத்தில் படுத்தவருக்குத்தான் ஒன்றும் தெரியாது. உங்கள் தம்பி விஷயத்தில் அப்படியே தலைகீழ்: பக்கத்தில் இருந்தவர் பதறுகிறார், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை அம்மாவிடம் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். மந்திரித்துக் கயிறு கட்டட்டும், கேடில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

வலிப்போடு குழப்பிக்கொள்ளக்கூடியவை வேறு சிலவும் உண்டு. தூங்கிவிழும் நேரத்தில் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடுவது எல்லாருக்கும் உள்ளது. சின்னப் பிள்ளைகள் படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி எழுந்து, தாயையே அடையாளம் தெரியாமல் பல நிமிடங்கள் அழுதுவிட்டு மறுபடி தூங்கிப்போவது தூக்க மிரட்சி. ஒரு ராத்திரியில் பெரும்பாலும் ஒருமுறைதான் வரும், வளர வளரப் போய்விடும். 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பின்னிரவில் கனவில் யாரோடோ சண்டை போட்டு மனைவியைக் குத்திவிடுவது கனவுத் தூக்கக் கோளாறு. அது சிலருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயாக முடிவதால், அதற்கும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். பலத்த குறட்டை விட்டு மூச்சு நின்று திணறி எழுவது ஸ்லீப் ஆப்னியா. இது தனியாகவும் வரும், வலிப்பு உள்ளவர்களின் தூக்கத்தைக் கலைத்து வலிப்பைக் கூட்டவும் செய்யும். அதைச் சரிசெய்தாலே சிலருக்கு வலிப்பு குறைகிறது.

ஏமாற்றுவதில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார்: நெற்றிப் பகுதியிலிருந்து கிளம்பும் தூக்க வலிப்பு. ஆள் திடீரென்று எழுந்து உட்காருவார், கட்டிலைப் பிடித்து உலுக்குவார், சைக்கிள் மிதிப்பது போலக் காலை ஆட்டுவார், கத்துவார், முகத்தில் பயம் தெரியும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சட்டென்று நின்றுவிடும், உடனே தெளிவாகப் பேசுவார். சிலருக்கு நடப்பது தெரிந்துகொண்டே இருக்கும். இப்படி ஒரே ராத்திரியில் பலமுறை வரலாம். பார்ப்பவர்கள் பேய் என்பார்கள், நடிப்பு என்பார்கள், மனநோய் என்பார்கள். 1981இல் இத்தாலியின் பொலோன்யா நகரில் நரம்பியல் மருத்துவர் லுகரேசியும் அவருடைய சகாவும் இதை முதலில் விவரித்தபோது, அது வலிப்பா அசைவுக் கோளாறா என்று மருத்துவ உலகமே பல வருடம் வாதாடியது. குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு வகைக்கு 1995இல் மரபணு கிடைத்தது. இதை அடையாளம் காண ஒரு நல்ல தடயம் உண்டு. வலிப்பு என்றால் ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்த மாதிரி அதே அசைவுகள், அதே வரிசையில் வரும். கனவும் மிரட்சியும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம்.

அதனால்தான் வீடியோ எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். முதலில் ஆளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பிறகு போனை எடுங்கள். போர்வையை விலக்கி முழு உடம்பும் தெரிய வேண்டும், லைட்டைப் போட வேண்டும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிடம், நின்ற பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதெல்லாம் வீடியோவில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடிக்கடி வருபவர்களுக்கு, இருட்டிலும் பதிவாகும் வைஃபை கேமரா ஒன்றை அறையில் மாட்டிவைப்பது நல்ல யோசனை.

குழந்தைகளுக்கு வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களில் பெற்றோர் இருப்பீர்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை தூங்கிய சற்று நேரத்தில் அல்லது விடியும் முன், வாய் ஒரு பக்கமாக இழுத்து, எச்சில் ஒழுகி, முழிப்பு இருந்தும் பேச முடியாமல் தவித்தால் அது பெரும்பாலும் ரோலாண்டிக் வலிப்பு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், பதினைந்து பதினாறு வயதுக்குள் தானே நின்றுவிடும். எப்போதாவது ஒன்று வந்தால் மாத்திரையே வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லக்கூடும். இன்னும் சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் வாந்தியெடுத்து, முகம் வெளுத்து, கண் ஒரு பக்கம் செருகிக் கிடந்தால் அதையும் வயிற்றுக்கோளாறு என்று விடாதீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சில மாதங்களில் பேச்சை இழந்தாலோ, படிப்பில் சட்டென்று சரிந்தாலோ, வெளியே வலிப்பே தெரியாவிட்டாலும் தூக்க இ.இ.ஜி. எடுத்தே ஆக வேண்டும். தூக்கம் முழுக்க மூளையில் ஓயாமல் மின்பொறி அடித்துக்கொண்டிருக்கும் ஒரு வகை இருக்கிறது. அதை உடனே கவனிக்க வேண்டும்.

இப்போது மாத்திரை. தூண்டுதல் எதுவும் இல்லாமல், குறைந்தது ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை வந்தாலே வலிப்பு நோய் என்று கொள்வது வழக்கம். உங்கள் தம்பிக்கு மூன்று முறை வந்துவிட்டது. முதல் வலிப்பு தூக்கத்தில் வந்திருந்தால், மறுபடி வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதும் தெரிந்த விஷயம். ஆகவே மாத்திரை தேவைதான். லெவெடிராசெட்டம் நல்ல தேர்வு. சிலருக்கு எரிச்சல், கோபம், மனச்சோர்வு வரும். தம்பி வழக்கத்துக்கு மாறாக எரிந்துவிழுந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. நெற்றிப் பகுதித் தூக்க வலிப்புக்கு கார்பமசெபின் பலருக்கு நன்றாகவே கேட்கும். அதைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி, டம்ளரும் பல்பொடியும் கீழே விழுகிற பிள்ளைகளுக்கு (அதுவும் ஒரு வகை வலிப்புதான்) இதே கார்பமசெபின் உதறலைக் கூட்டிவிடும். தம்பிக்கு அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில், அதுவும் தூக்கம் கெட்ட மறுநாள், வருபவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நாங்களே சில நேரம் மறந்துவிடுகிறோம். வால்ப்ரோயேட் பலமான மருந்து. ஆனால் கர்ப்பகாலத்தில் சாப்பிட்டால் நூற்றில் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறையும், முப்பது நாற்பது பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் வருவதால், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வேறு வழி இருக்கும்வரை அதைத் தவிர்ப்போம். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

தூக்கத்தில் மட்டும் வருபவர்களுக்கு, இரண்டு வேளை மருந்தில் பெரிய பங்கை இரவுக்கு வைப்பதும், மெதுவாகக் கரையும் மாத்திரையாகக் கொடுப்பதும் உண்டு. ஷிப்ட் மாறும்போது இரவு வேளை எது என்ற குழப்பம் வரும். டாக்டரிடம் ஷிப்ட் அட்டவணையைக் காட்டியே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தொடர்ச்சியான நைட் ஷிப்ட் வேண்டாம் என்று ஒரு சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். தூக்கம் கெடுவதைப் போல வலிப்பை வரவழைப்பது வேறில்லை: விடிய விடியத் திருவிழாக் கச்சேரி, ராத்திரி பஸ் பயணம், மூன்று மணிவரை போன். குடியும் அப்படியே, குடித்த அன்றைவிட நிறுத்திய மறுநாள்தான் ஆபத்து. வலிக்காகத் தரும் டிராமடால் மாத்திரையும் வலிப்பைத் தூண்டக்கூடியது. எந்த டாக்டரிடம் போனாலும் வலிப்பு மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சுமார் பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நிற்கிறது. எல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு பேருக்கு மருந்தால் கட்டுப்படுகிறது. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், மூன்றாவது நான்காவது என்று மாற்றிக்கொண்டே காலம் கடத்தாமல் அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா என்று பார்க்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவை மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1952இலேயே வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இதற்கென்றே தனித் திட்டம் நடக்கிறது. "மூளையில் கத்தி வைப்பதா" என்று பயந்தே பத்து வருடம் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை வருடம் என்றால், வலிப்பே இல்லாமல் குறைந்தது இரண்டு வருடம் போன பிறகுதான் குறைப்பது பற்றிப் பேச்செடுப்போம். அதையும் பல மாதங்களில் மெல்ல மெல்லக் குறைப்போம். காலையில் எழுந்ததும் கை உதறும் வகைக்குப் பெரும்பாலும் நீண்டகாலம் வேண்டியிருக்கும். பகலில் வருமா? வருடக்கணக்கில் தூக்கத்தில் மட்டுமே வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படியே இருக்கிறார்கள். சிலருக்கு விழித்திருக்கும்போதும் வருகிறது, மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும்போது அந்த ஆபத்து கூடும். தம்பிக்குத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகிறது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை பைக் வேண்டாம், கிணற்றிலோ ஆற்றிலோ தனியாகக் குளிக்க வேண்டாம், வேலையில் உயரத்தில் ஏறுவதோ ஓடும் மெஷினோ இருந்தால் இடம் மாற்றிக் கேளுங்கள். ஓட்டுநர் உரிமப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, தூக்கத்தில் மட்டும் என்பதற்கு அதில் தனிச் சலுகை இல்லை.

"தூக்கத்தில்தானே வருகிறது, கீழே விழப் போவதில்லையே" என்று அலட்சியமாக இருப்பவர்களிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரத்தில் ஒருவர், வேறு காரணம் எதுவும் தெரியாமல் திடீரென்று இறக்கிறார்கள். அதில் பெரும்பகுதி இரவில், தனியாகப் படுத்திருக்கும்போது, பெரிய வலிப்பு ஒன்றை அடுத்து நடக்கிறது. பலர் குப்புறக் கிடந்த நிலையில் காணப்படுகிறார்கள். உடம்பு முழுக்க இழுக்கும் வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், வலிப்பு நின்றுவிட்டால் ஆபத்தும் பெருமளவு குறைந்துவிடும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிடுவதற்கு இதைவிட நேரான காரணம் என்னிடம் இல்லை. தம்பி தனியறைக்கு மாற வேண்டாம். அறையில் ஒருவராவது உடன் படுப்பது பாதுகாப்பு. தாழ்ந்த கட்டில் அல்லது பாய், சுவரோரம் கூர்மையான இரும்பு எதுவும் இல்லாமல் இருந்தால் போதும்.

வலிப்பு வரும்போது அறை நண்பர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நேரம் பாருங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், இழுப்பு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயில் இருப்பது வழிந்துவர விடுங்கள். கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. அது நிற்கிற நேரத்தில் தானே நிற்கிறது, பெயர் சாவிக்குப் போகிறது. பல்லுக்கிடையில் ஸ்பூன், துணி, விரல் எதையும் நுழைக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், முழுத் தெளிவு வரும்வரை தண்ணீர்கூட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியாமலே அடுத்தது தொடங்கினாலோ 108ஐ அழையுங்கள். நீளும் வலிப்பை நிறுத்த, மூக்கில் அடிக்கும் மிடாசோலாம் ஸ்பிரே ஒன்று கிடைக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்தால் அறையில் வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணம். தாராளமாகச் செய்யலாம், குழந்தையும் பெறலாம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாகவே எழுதப்பட்டிருந்தது, 1999இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் மறைத்துச் செய்யாதீர்கள். தூக்கத்தில் மட்டும் வருவதால் மறைப்பது எளிது என்று குடும்பத்துக்குத் தோன்றும். அதன் விளைவு இப்படி இருக்கும்: புது மாப்பிள்ளை மாத்திரைப் பட்டையை வெளியே எடுக்கக் கூச்சப்பட்டு இரண்டு மூன்று நாள் விடுவார், கல்யாண வேலையில் தூக்கமும் கெட்டிருக்கும், எதுவும் தெரியாத ஒரு பெண் ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்து அலறுவாள். நிச்சயத்துக்கு முன்பே பெண்ணிடம் நேரடியாகச் சொல்லுங்கள். பெண் வீட்டார் கேட்க விரும்பினால் அவர்களையும் டாக்டரிடம் அழைத்துப் போகலாம், நாங்கள் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்குகிறோம். மாமியார் வீட்டு விருந்துக்குப் போகும்போது மாத்திரை பெட்டியில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும்.